கார்டும் கடைசிப் பெட்டியும்

செய்தி வந்தபோது சனிக்கிழமை மாலை மணி நாலே முக்கால். ஓட்டக் கழகத்தின் அறையில் அவள் ஒரு சாக்குமூட்டையின் வாயை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மேஜை முழுக்க மறுநாள் ஓட்டத்துக்கான எண் அட்டைகள். தரையில் கால் வைக்க இடமில்லாமல் தண்ணீர்ப் பாட்டில்கள். காலையில் மலையோட்டம் முடிந்த அலுப்பு ஒருவருக்கும் தீரவில்லை. அதற்குள் நகர ஓட்டம் தலைக்கு மேல் வந்து நின்றது. போன் அதிர்ந்தது. அண்ணி.

"உங்க அண்ணன அங்க என்னதான் வேலை வாங்குறீங்க? சாப்பிடவும் வரல. போன் அடிச்சா எடுக்கவும் மாட்டேங்குறாரு. பக்கத்துல இருந்தா குடு, நாலு வார்த்தை கேக்கணும்."

அண்ணன் அங்கே இல்லை. ஓட்டம் முடிந்து வீட்டுக்குப் போய்க் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். கழகத்தில் பாட்டில் தூக்கிக்கொண்டிருப்பார் என்று அண்ணி நினைத்திருந்தாள். இரண்டு நினைப்புக்கும் நடுவில் ஒரு பகல் முழுசாகப் போயிருந்தது.

"அண்ணி, நீங்க வச்சிட்டு அவர் போனுக்கு இன்னொரு தடவை அடிங்க."

போனைக் கீழே வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு அறையின் மூலையில், அட்டைப்பெட்டிகளின் அடியில் கிடந்த, யாரும் வந்து வாங்கிப் போகாத ஒரு பையிலிருந்து, வண்டு குடைவதுபோல ஒரு சத்தம் வந்தது. கிர்ர். கிர்ர். கிர்ர்.

ஓடுகிறவர்கள் பையைத் தொடக்க இடத்தில் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். முடித்ததும் முதல் வேலையாகப் பையை வாங்குவார்கள். போனும் சாவியும் மாற்றுச் சட்டையும் அதில்தான் இருக்கும். பை இங்கே இருக்கிறதென்றால் ஆள் இன்னும் முடிக்கவில்லை.

அந்த ஓட்டத்தின் கடைசி ஆள் அவள்தான். வேறு யாருக்கும் தெரியாமல் போகலாம். அவளுக்குத் தெரியாமல் போகக் கூடாது.

அவளைக் கழகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கார்டு. ரயிலின் கடைசியில் பச்சைக்கொடியோடு வருகிற கார்டு. பிழைப்புக்கு அவள் தையல்காரி: பேண்டின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, உடம்பு வைத்துவிட்ட ஆட்களின் சட்டையைப் பிரித்து விடுவது. வார இறுதியில் ஆரஞ்சு நிற மேலங்கி போட்டுக்கொண்டு, கழுத்தில் விசிலோடு, எல்லோருக்கும் பின்னால் ஓடுவாள். ஓடுகிறவர் யாரும் அவளுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. அதுதான் வேலை. ஒவ்வொரு தண்ணீர் மேஜையையும் தாண்டும்போது, "கார்டு வந்தாச்சு!" என்று குரல் கொடுப்பாள். அந்த வார்த்தையைக் கேட்டால் மேஜையை மடக்குவார்கள், தடுப்பை எடுப்பார்கள், வீட்டுக்குப் போவார்கள். அதற்கு முன்னால் இடியே விழுந்தாலும் நகர மாட்டார்கள்.

அவளைக் கழகத்தில் சேர்த்துவிட்டவர் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக ஏறி இறங்கியும் ஒரு படியைக்கூடக் காலால் ஏறியதில்லை என்று பெருமை பேசிக்கொண்டிருந்த மனிதரை, டாக்டர் ஒருநாள் சர்க்கரை அளவைக் காட்டிப் பயமுறுத்தினார். "தனியா நடந்தா நாய் துரத்தும், துணைக்கு வா" என்று தங்கையை இழுத்துக்கொண்டு போனார். தங்கைக்கு ஓட்டம் பிடித்துப்போனது. அண்ணனுக்கு ஓட்டம் பிடிக்கவே இல்லை. ஓட்டத்துக்குப் பிறகு நடக்கும் அரட்டைதான் பிடித்தது. எந்த ஓட்டத்திலும் கடைசி. கடைசிப் பெட்டி என்று பெயர் வைத்தார்கள். "லிஃப்டும் மெதுவாத்தான் போகும். வந்து சேராம எங்கயாவது நின்னிருக்கா?" என்று கேட்பார். "நின்னதாலதானே உங்களுக்குச் சம்பளம்" என்று யாராவது சொன்னால் முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

கடைசிப் பெட்டிக்குப் பின்னால் கார்டு. ஐந்தாறு வருஷம் அப்படித்தான். அண்ணனின் வியர்த்த முதுகையும், பின்பக்கம் வார் அறுந்து ஊக்கு குத்தின நீலத் தொப்பியையும் பார்த்துக்கொண்டே அவள் ஊரில் உள்ள எல்லாச் சாலைகளிலும் ஓடியிருக்கிறாள். தொப்பி கழகம் எல்லோருக்கும் கொடுத்தது. வாராவாரம் அவர் கேட்பார்: "ஊருக்கெல்லாம் தைக்கிற. அண்ணன் தொப்பிக்கு ஒரு தையல் போட நேரமில்ல." வாராவாரம் அவள் சொல்வாள்: "கூலி குடு, தைக்கிறேன்."

அன்று காலை மலையடிவாரத்தில் அவர் அவளிடம் வந்து விரலை ஆட்டினார்.

"இன்னைக்கு என் முதுக நீ பாக்கப் போறதில்ல. பாரு. முன்னாடி போயிடுவேன்."

"போ, போ. போய் மேல உக்காந்துக்கோ. நான் வந்து எழுப்புறேன்."

சொன்னபடியே போனார். முதல் ஏற்றத்தில் ஐந்தாறு பேரைத் தாண்டிவிட்டு, திரும்பிப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அவளுக்கு முன்னால் வலித்த முழங்காலோடு ஒரு பள்ளி ஆசிரியை வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பேச்சுத் துணையாக அவள் மலையை ஏறி இறங்கினாள். அண்ணன் வழியில் எங்கும் தட்டுப்படவில்லை. பெரியவருக்கு இன்றைக்கு ரோஷம் வந்துவிட்டது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

"எண்ணிக்கை சரியாத்தானே இருந்துச்சு?" அறையின் அந்தப் பக்கம் எண் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த செயலாளரிடம் கேட்டாள். பல் டாக்டர், முடிவுக்கோட்டில் ஆட்களை எண்ணியவர்.

"ஒண்ணு கம்மி. ஒருத்தர் அட்டை வாங்கிட்டு ஓடாமலே வீட்டுக்குப் போயிட்டார்னு சொன்னாங்க. அதான்னு நினைச்சேன். ஏன்?"

"அவர் அட்டையத் திருப்பிக் குடுத்துட்டாரே. அது எங்க அண்ணன்."

பல் டாக்டரின் கையிலிருந்த அட்டைகள் மேஜையில் சரிந்தன.

"வழியில ஒதுங்கியிருந்தா தொப்பி இருந்திருக்குமே?" என்றார்.

அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும் அதேதான். கழகத்தில் ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு. எந்தக் காரணத்துக்காகவும் பாதையை விட்டு ஒதுங்கினால், தொப்பியைக் கழற்றி வழியோரம் கண்ணில் படுகிற மாதிரி வைக்க வேண்டும். தொப்பியைப் பார்த்தால் கார்டு நிற்பாள். ஆள் திரும்பி வரும்வரை ஓர் அடி வைக்க மாட்டாள். புதருக்குள் போனவர்களுக்காகத் தொப்பியைக் காவல் காத்து எத்தனையோ முறை கொசுக்கடி பட்டிருக்கிறாள். இன்று வழியில் ஒரு தொப்பியும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு திருப்பமாக மறுபடி ஓடிப் பார்த்தாள். இல்லை.

அவளுடைய கணவர் அப்போதுதான் இன்னொரு பெட்டியோடு உள்ளே வந்தார். வேன் ஓட்டுபவர். ஒரு நாளும் ஓர் அடி ஓடியவர் இல்லை, ஓடுகிறவர்களின் விதிகளும் அவருக்குத் தெரியாது. மனைவி ஓடுகிறாளே என்று மேஜையும் பாட்டிலும் ஏற்றி இறக்கிக் கொடுப்பவர்.

"என்ன, எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

அவள் பாதி அவிழ்ந்த சாக்குமூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் வழி காட்டும் ரிப்பன்கள் இருந்தன. மரங்களில் கட்டியவை. வழக்கமாக அவற்றை அவிழ்ப்பது கார்டுக்குப் பின்னால் வரும் ஆளின் வேலை. ஆனால் இந்தத் தடவை மழையால் தள்ளிப்போன மலையோட்டமும் நகர ஓட்டமும் ஒரே வார இறுதியில் வந்து விழுந்தன. ரிப்பனோ ஒரு செட்தான். இன்று மாலைக்குள் அதே ரிப்பன்களைப் பிரித்து நகரத்துச் சாலைகளில் கட்ட வேண்டும். "ஆசிரியை மெதுவா வர்றாங்க. முன்னாடி எல்லாரும் போயாச்சு. நீங்க எனக்கு முன்னாடியே அவுத்துக்கிட்டே போயிடுங்க, ஒரு மணி நேரமாவது மிச்சமாகும்" என்று அவள்தான் காலையில் கணவரிடம் சொன்னாள்.

"வழியில ஏதாவது தொப்பி பாத்தீங்களா?"

"ஆமா. ஒண்ணு கிளையில மாட்டியிருந்துச்சு. யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு எடுத்துப் போட்டேன். கேட்டு வந்தா குடுக்கலாம்னு..." அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் பேச்சு பாதியில் நின்றது.

"எந்த இடத்துல?"

"மேல... ஏதோ ஒரு மரம். எல்லா மரமும் ஒரே மாதிரிதானே இருக்கு. இரு, எடுத்துப் பாக்கலாம்." மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்க்கத் தூக்கினார்.

"கொட்டாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அவர் மூட்டையை அப்படியே விட்டுவிட்டார்.

மலையில் மூன்று நிறம் கட்டியிருந்தார்கள். அடிவாரத்திலிருந்து முதல் தண்ணீர் மேஜை வரை சிவப்பு. அங்கிருந்து உச்சி வரை மஞ்சள். இறக்கத்துக்கு வெள்ளை. முதலில் அவிழ்த்தது மூட்டையின் அடியில் இருக்கும். அவள் மண்டியிட்டு, பழைய துணியின் தையலைப் பிரிப்பதுபோலக் கவனமாக, கை கையாக அள்ளி வெளியே வைத்தாள். வெள்ளை. வெள்ளை. பிறகு மஞ்சள், மஞ்சள், இன்னும் மஞ்சள். நீலம் தெரிந்தது. தொப்பியை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் ஊக்கு. அதற்குக் கீழே ஒரு பிடி மஞ்சள். அதன் கீழே சிவப்பு.

"முதல் மேஜையைத் தாண்டினதும்" என்றாள். "ரொம்பத் தூரம் போகல. பழைய தண்ணிக் குழாய் இறங்குற இடம்."

பல் டாக்டர் அதற்குள் ஆம்புலன்சுக்குப் பேசத் தொடங்கியிருந்தார். வண்டி ஏற முடியாத பாதை என்று இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. "ஸ்ட்ரெச்சர் தூக்க ஆள் நான் கொண்டு வர்றேன், நீங்க கிளம்புங்க" என்று கையால் விரட்டினார்.

இருவரும் வேனில் கிளம்பினார்கள். நகரத்தின் கடைசி சிக்னலில் சிவப்பு விழுந்தது. கணவர் அதைப் பார்க்காதவர்போல ஓட்டினார். கொஞ்ச தூரம் போனபின் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்:

"நான்தானே எடுத்தேன்."

"நான்தானே எடுக்கச் சொன்னேன்."

அதற்குமேல் அந்த விஷயத்தை அவர்கள் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

அடிவாரத்தில், மரத்தடியில் அண்ணனின் பைக் தனியாக நின்றது. அவள் வேன் நிற்கும்முன் இறங்கி ஓடினாள். மரங்களுக்கடியில் வெளிச்சம் ஏற்கெனவே மங்கிவிட்டிருந்தது. காலையில் நூறு பேர் போன பாதை. இப்போது எது பாதை, எது ஆடு போன தடம் என்று தெரியவில்லை. வழி சொல்ல ஒரு ரிப்பன்கூட இல்லை. ஒவ்வொரு பிரிவிலும் அவளுடைய கெட்டிக்காரத்தனம் அவளைப் பார்த்துப் பல்லிளித்தது.

முதல் மேஜை இருந்த இடத்தில் காலில் மிதிபட்ட காகிதக் கோப்பை ஒன்று கிடந்தது. நின்றாள். விசிலை ஊதினாள். காது கொடுத்தாள். காற்று. பின்னால் வெகு கீழே கணவரின் இரைப்பு. இன்னும் கொஞ்சம் ஏறி மறுபடி ஊதினாள்.

டங், டங்.

இரும்பில் கல் படும் சத்தம். சிறிது இடைவெளி. மறுபடி: டங், டங்.

லிஃப்ட் குழிக்குள் ஒருவன் மேலேயும் ஒருவன் கீழேயும் வேலை செய்யும்போது குரல் எதிரொலித்துக் குழம்பும். அதனால் லிஃப்ட் ஓடுகிற இரும்புத் தண்டவாளத்தில் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு: மேலே ஏற்று. இரண்டு தட்டு: நிறுத்து, இங்கே ஆள் இருக்கிறான். இதைச் சாப்பாட்டு மேஜையில் கரண்டியால் தட்டித் தட்டி அண்ணன் எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறார். அண்ணி எத்தனையோ தடவை கரண்டியைப் பிடுங்கியிருக்கிறாள்.

அவள் சத்தம் வந்த சரிவில் சறுக்கி இறங்கினாள். பாறைக்குப் பின்னால், துருப்பிடித்த குழாயில் முதுகைச் சாய்த்து, அண்ணன் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு கை நெஞ்சில்; மற்றக் கையில் ஒரு கல்.

"வந்துட்டியா கார்டு" என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. "தொப்பி வச்சேனே. பாக்கலியா?"

"பாக்கல அண்ணா. பேசாத."

"கொஞ்ச நேரம் உக்காந்தா சரியாயிடும்னு நினைச்சேன். எழுந்திருக்க முடியல. உன் விசில் கேட்டுச்சு, காலையில. கத்த முடியல. தட்டினேன்."

அவளுக்கு நினைவு வந்தது. பள்ளி ஆசிரியையிடம்கூடச் சொன்னாள், கேளுங்க, கேளுங்க என்று.

"கேட்டுச்சு அண்ணா. மரங்கொத்தின்னு நினைச்சேன்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு வயிறு மட்டும் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குச் சிறிது நேரம் ஆயிற்று.

"இத்தன வருஷம் லிஃப்ட் வேலை பாத்து... கடைசியில மரங்கொத்தி."

கணவர் மூச்சு வாங்கியபடி வந்து சேர்ந்தார். வந்தவர் அருகே வராமல் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்பிள்ளையும் ஓடி வந்துட்டாரே" என்றார் அண்ணன். "கழகத்துல சேத்துக்கலாம்."

"மச்சான், அந்தத் தொப்பிய நான்தான்..."

"அட, விடுங்க மாப்பிள்ளை. குளிருது. அந்தச் சட்டையக் கழட்டிக் குடுங்க."

ஸ்ட்ரெச்சர் வந்தபோது பாதி இருட்டிவிட்டிருந்தது. கழகத்து ஆட்கள் முறை மாற்றித் தூக்கினார்கள். அவள் பின்னால் வந்தாள். அவரைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் அவளுக்கு முன்னால் வேகமாகப் போனார்கள். முதல் தடவையாக அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. மருத்துவமனையின் லிஃப்டில் ஏற்றியபோது அவர் கண்ணைத் திறந்து, காதைச் சாய்த்து, "எங்க கம்பெனி இல்ல. குலுங்குது பாரு" என்றார். சக்கரப் படுக்கையைத் தள்ளிய பணியாளர் சிரித்துவிட்டார்.

டாக்டர்கள் நம்பிக்கையும் தரவில்லை, கையும் விரிக்கவில்லை. அடைப்பு பெரியது, நெஞ்சு பகல் முழுக்கப் பாடுபட்டிருக்கிறது, கொஞ்சம் முன்னாலேயே கொண்டு வந்திருந்தால் என்று ஒருவர் தொடங்கினார். அண்ணி அவரைக் கை காட்டி நிறுத்தினாள். "இப்ப என்ன செய்யணுமோ அதச் சொல்லுங்க சார்." பிறகு பெஞ்சில் நாத்தனாரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு விடிந்ததும் ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அண்ணன் முதலில் கேட்டது:

"இன்னைக்கு ஓட்டம் உண்டா?"

"உண்டு. ஊருக்கே சொல்லியாச்சே, நிறுத்த முடியல."

"கார்டு யாரு?"

"உன் மாப்பிள்ளை."

அவர் புருவம் உயர்ந்தது. "ரிப்பன் யார் அவுக்குறா?"

"கார்டுக்குப் பின்னாடிதான். அவர் நேத்தே கண்டிச்சுச் சொல்லிட்டாரு."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று அவள் எழுந்தபோது, "தொப்பி எங்க?" என்றார். அவள் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

"இப்பவாவது தையேன். சும்மாதானே உக்காந்திருக்க."

"கூலி?"

"எழுந்து வந்து தர்றேன்."

வெளியே வந்து, நடைபாதை ஜன்னலோரம் நின்று, கைப்பையின் மடிப்பில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் ஊசியை எடுத்தாள். கறுப்பு நூல்தான் இருந்தது. நீலத்துக்கு நீல நூல்தான் போட வேண்டும். வேறு நாளாக இருந்தால் போட்டிருக்க மாட்டாள். ஊக்கைக் கழற்றி, வாரின் இடப்பக்கத்தை மடித்துப் பிடித்து, சின்னச் சின்னத் தையலாக நெருக்கிப் போட்டு முடிச்சிட்டாள். வலப்பக்கம் தொடங்கினாள்.

நகர ஓட்டம் அந்தச் சாலை வழியாகத்தான் வந்தது. ஆம்புலன்சுக்காகப் பாதிச் சாலையைத் திறந்து வைத்திருந்தார்கள். முதலில் வேகக்காரர்கள் போனார்கள், பிறகு கூட்டம், பிறகு இரண்டிரண்டாக, ஒன்றொன்றாக. ரொம்ப நேரம் கழித்து, இடுப்பில் கை வைத்து நடந்து வந்த ஒரு பெண். அவளுக்குப் பின்னால் கணவர்.

ஆரஞ்சு மேலங்கி அவருடைய தொப்பையைச் சுற்றி மூடவில்லை. முகம் செக்கச் சிவந்திருந்தது. கழுத்தில் விசில். அவர் முன்னால் பார்க்கவே இல்லை. நிறுத்தியிருந்த ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். மூடிய கடைகளின் படிகளைப் பார்த்தார். மருத்துவமனை வாசலில் நின்று, வந்த வழியை ஒரு முறை முழுக்கத் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் எதிரிலிருந்த தண்ணீர் மேஜைக்காரர்களிடம் வாய் திறந்தார். மூடிய கண்ணாடிக்குள் சத்தம் வரவில்லை. ஆனால் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியும். மேஜையை மடக்கினார்கள்.

நர்ஸ் கதவைத் திறந்து, "அவரோட ஆளுங்க யாரு? சீக்கிரம் வாங்க" என்றபோது ஊசி துணிக்குள் பாதி இறங்கியிருந்தது. அவளும் அண்ணியும் உள்ளே ஓடினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் போயிருந்தார். முன்னால் போகும் பழக்கம் அவருக்கு இல்லை. அந்த வார இறுதியில் இரண்டு தடவை போய்விட்டார்.

கழகம் இப்போதும் ஓடுகிறது. ரிப்பன் இரண்டு செட் வாங்கிவிட்டார்கள். கணவர்தான் கார்டு. மேலங்கியின் இரண்டு பக்கமும் பிரித்து, துணி கொடுத்து, அவர் அளவுக்கு அவள் தைத்துத் தந்தாள். அவருக்கு முன்னால், பெரும்பாலும் கடைசி ஆளாக, அவள் ஓடுகிறாள்.

நீலத் தொப்பி தையல் மெஷினுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. வாரின் இடப்பக்கம் தைத்து முடிச்சிட்டிருக்கிறது. வலப்பக்கத்தில் ஊசி, கறுப்பு நூலோடு, துணிக்குள் பாதி இறங்கியபடியே இருக்கிறது.